முன்னாடி எழுவது, பின்னாடி முப்பது

ஐய, அங்க நிக்காத தம்பி, வெல்டிங் பொறி பறக்கும். அந்த சீட்டு மேல ஒக்காரு. கிழிஞ்சிதான் கீது, கடிக்காது. இன்னாது? காரு பம்பர மட்டும் கட்டிக் குடுத்தா போதுமா? கெளம்பிடுவியா? நல்லா கெளம்புவ.

மாடு குறுக்க வந்திச்சி, வளைவுல பிரேக்க அமுக்கின, பின்பக்கம் சுத்திக்கினு ஏரிச் சேத்துல போயி எறங்கிச்சி. அதானே? மாட்ட திட்டாத. அது அதுபாட்டுக்குப் போச்சி. டயரா? டயரு புதுசு, அது மேல பழி போடாத.

இத பாத்தியா? எறா கம்பெனி எடை மெஷினு. நீ டீ குடிக்கப் போனல்ல, அப்ப வாங்கியாந்தேன். உன் வண்டிய ஒவ்வொரு சக்கரமா ஏத்தி நிறுத்தேன். மத்த மூணு சக்கரத்துக்கும் அதே ஒசரத்துக்குப் பலகை குடுத்து. இன்னா சிரிப்பு? மீன் நிறுக்கற மெஷினுன்னா காரு எடை காட்டாதா? உன் போன்ல வர்ற வீடியோக்காரன விட அது யோக்கியம்.

கேளு. முன்னாடி ரெண்டு சக்கரமும் சேத்து அறுநூத்தித் தொண்ணூத்தஞ்சு கிலோ. பின்னாடி எரநூத்தித் தொண்ணூத்தஞ்சு. நூத்துக்கு எழுவது மூஞ்சிலயே கீது! கம்பெனிலேர்ந்து வரச்சொல்லோ அறுவது, அறுவத்திரெண்டுதான் இருக்கும். அப்பறம் எவனோ சின்ன வண்டில இம்மாம்பெரிய டீசல் எஞ்சின தூக்கி வெச்சிருக்கான். முன்னாடி இரும்புக் கம்பி வேற, எருமைக்கு மூக்கணாங்கவுறு மாதிரி. அதுக்கு மேல எடைய கொறைக்கறேன்னு பின்சீட்ட கழட்டிட்டான், ஸ்டெப்னிய கழட்டிட்டான். ஸ்பீடா போவுமாம்! போவும், ஏன் போவாது? நிக்கும்போது தானே தெரியும். பிரேக் போட்டா கீற எடையெல்லாம் முன்னாடி ஓடும். பின்சக்கரம் ரோட்ட சும்மா தடவிக்கினு வரும். லேசா திருப்புனா வாலு முந்திக்கும்.

லைட்ஹவுஸ் குப்பத்துல போயி எந்த வூட்டுப் பொம்பளையையாவது கேளு. வலை, ஐஸ் பெட்டி எல்லாத்தையும் படகு மூக்குல அடுக்குவியான்னு. தொடப்பத்த எடுத்துக்கினு வருவாங்க. இந்த வேலைய பண்ணவன் அவங்க கால்ல வுழுந்து கத்துக்கணும். தடித்தாண்டவராயன். பழுதில்லாத வண்டிய வெட்டி, ஒட்டி, அதுக்கு மேல ரேஸ் ஸ்டிக்கர் வேற ஒட்டியிருக்கான். தூ.

இன்னா? பின்சீட்டு, ஸ்டெப்னி கழட்டுனது எடைக்குத்தான்னு எனக்கு எப்பிடித் தெரியுமா? நீ வாங்கும்போதே இல்லியா? செகண்ட் ஹாண்டு கடைக்காரன் எதுவும் சொல்லலியா? அவன் எப்பிடி சொல்லுவான், அவனுக்கே எவனும் சொல்லியிருக்க மாட்டான்.

நம்பர பாத்தவொடனே தெரிஞ்சிச்சி தம்பி. டிராக்டர்ல கட்டி இஸ்துக்கினு வரும்போதே தெரிஞ்சிச்சி. ஸ்டீபன் வண்டி. என் தங்கச்சி ஜாக்குலின் வூட்டுக்காரன். ஆறு வருசம் ஆவுது. அனுப்பம்பட்டு வளைவு, தூறல் போட்டுக்கினு இருந்திச்சி, குறுக்க ஆடு. வண்டிக்கு ஒரு டோர்தான் நசுங்கிச்சி. அதான் வித்துட முடிஞ்சிது. அவன் ஆஸ்பத்திரி போய்ச் சேரல.

எவன் பண்ணான்னு திட்டிக்கினு இருந்தனே, அவன் பேரு ஞானதாஸு. நான்தான். மச்சான், இதுல போனா உன்ன ஒருத்தனும் புடிக்க முடியாதுடான்னு சொல்லி, ஒரே வாரத்துல முடிச்சிக் குடுத்தேன். நிறுத்துப் பாக்கல. மெஷினு அப்பவும் பத்து அடி தூரத்துல தான் இருந்திச்சி. அதுக்கப்பறம் காரு தொடறதில்ல, படகு எஞ்சின் மட்டும்தான். ஜாக்குலின் என்கிட்ட பேசறதில்ல. பேச வேணாம். என் மூஞ்சி எனக்கே புடிக்கல.

சாவி கேக்காத, தர மாட்டேன். எவ்ளோ வேணா கத்திக்கோ. பேட்டரிய பின்னாடி மாத்தணும், அந்தக் கம்பிய அறுத்துப் போடணும். அன்னிக்குக் கழட்டுன ஸ்டெப்னி அந்தப் பரண் மேல கீது, வலைக்கு அடில. தூசி தட்டினா போதும்.

சரி, எந்திரி. நீ ஒக்காந்துக்கினு கீறியே, அந்த சீட்டுத் துணிய பாரு. இப்ப போயி உன் டோர் உள்பக்கம் பாரு. அதே கோடு, அதே நீலம். ஆறு வருசமா வர்றவனெல்லாம் அது மேலதான் ஒக்கார்றான், நான் மட்டும் ஒக்காந்ததில்ல.

அந்தாண்ட நீ புடி. இந்தாண்ட நான் புடிக்கறேன்.