கட்டைவிரல் தட்டிய ழகரம்

அவைத்தலைமைக்கு அழகு சேர்க்கும் மருத்துவர் அம்மா அவர்களே! பேச்சிழந்தோரைப் பேச வைக்கும் இப்பயிற்சி மையத்தின் பெரியோர்களே! பிள்ளை வாயின் ஒரு சொல்லுக்காகப் பொறுமையோடு காத்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

என் நாத்தனார் ரயில் நிலைய அறிவிப்பாளர். அவர் குரல் கேட்டு ஓடாத கால் உண்டா? ஓடி ஏறாத ஆள் உண்டா? அந்தக் குரலை ஒரே நாளில் பறித்தது பக்கவாதம். வாய் போனது, கை போனது. மிஞ்சியது ஒரு கட்டைவிரல்.

"நாத்தனார் வாய் மூடினால் நல்லதுதானே" என்று அங்கே ஒரு தங்கை சிரிக்கிறார். சிரியுங்கள் அம்மா! அவர் ஏசிய ஏச்சைக்கூட ஏங்கித் தேடியவள் நான்.

என் கணவர் கப்பலில் தந்தி அனுப்பியவர். தன் அக்காவின் விரலுக்கு மோர்ஸ் பழக்கினார். குறிலாய் ஒரு தட்டு, நெடிலாய் ஒரு தட்டு. கூட்டினால் எழுத்து. ஆனால் அத்தனையும் ஆங்கில எழுத்து!

ஒரு காலை அக்கா தட்டினார். "வலி!" என்று வாசித்தார் கணவர். நர்ஸ் ஊசி போட்டார். அக்கா நாளெல்லாம் தூங்கினார். மறுநாளும் வலி, மறுநாளும் ஊசி. அடுத்த நாள் தட்டும்போதே அக்கா கண்ணில் நீர். நர்ஸ் ஊசியைத் தாழ்த்தினார்.

"வலிக்கிறவங்க என்னைப் பார்ப்பாங்க. இவங்க அந்தத் திரையையே பார்க்கிறாங்களே?"

கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே மறைப்புத் திரை. நான் குனிந்தேன்.

"அக்கா, வலியா... வழியா?"

'வழி' என்றதும் விரல் அழுந்தியது. அழுந்தியபடியே நின்றது.

ஆங்கிலத்தில் ழகரம் ஏது? லகரத்துக்கும் ழகரத்துக்கும் ஒரே 'எல்'தானே தட்டினார்! வாசலைப் பார்க்க வழி கேட்டவரை வலி என்று தூங்க வைத்திருந்தோம். கேட்டோம் என்கிறோமே, சரியாய்க் கேட்டோமா? புரிந்தது என்கிறோமே, ஒருமுறை திருப்பிக் கேட்டோமா?

திரையை இழுத்தேன். வாசல் பெஞ்சில் அக்காவின் கணவர். பார்த்தாலே அழுவார் என்று வெளியே உட்கார வைத்திருந்தோம். பார்த்தார், அழுதார்.

அன்றே அக்காளும் தம்பியும் புதிதாய் ஒன்று வகுத்தார்கள். லகரத்தைத் தட்டி, கூடவே ஒரு நெடுந்தட்டு தட்டினால் ழகரம். அதில் அக்கா தட்டிய முதல் சொல்: "அழாதே."

"நான் எங்க அழுதேன்? தூசி விழுந்துடுச்சு" என்றார் அக்காவின் கணவர்.

விரல் மறுபடி தட்டியது. என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"என்ன மாப்ளே சொல்றா?"

"பொய்யாம், அத்தான்!"

ஊசியைத் தாழ்த்திய அந்த நர்ஸ் இதே அவையில்தான் அமர்ந்திருக்கிறார். அவருக்கும், செவிகொடுத்த உங்களுக்கும் என் நன்றி. வணக்கம்.