மறுபடி நிகழவில்லை

காஸை அடைத்தோமா என்று தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான், சார். வீட்டில் இதற்காக என்னைக் கேலி பண்ணாதவர்கள் கிடையாது. ஆனால் இந்தக் குணம்தான் எனக்குச் சோறு போட்டது. மற்றவர்கள் எழுதிய வெப்சைட் எங்கே உடையும் என்று தேடிப் பார்க்கிற டெஸ்டர் வேலை. எட்டு வருடத்தில், இந்த டெல்பின் 'பாஸ்' போட்ட எதுவும் வெளியே போய் மானத்தை வாங்கியதில்லை.

வள்ளக்காரர் சங்கத்துக்கு நாங்கள் செய்துகொடுத்தது சின்ன வேலைதான். வள்ளத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். ஆபத்தென்றால் அதை மூன்று விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். கரையில் சங்கத்துக் கணினியில் வள்ளத்தின் பெயரும் அது நிற்கிற இடமும் வரும். அதே நேரம், தேடிப் போவதற்கென்று பெயர் கொடுத்த பதினாறு பேருடைய போனும் சங்கு மாதிரி ஊதும். அந்த மூன்று விநாடி நான் சொல்லி வைத்தது. தெரியாமல் கை பட்டு அழைப்பு வந்துவிடக் கூடாதல்லவா.

அபிலாஷ்தான் புரோகிராம் எழுதினான். என்னைவிடப் பத்து வயது சின்னவன். சோதிப்பதற்குத் தனி சர்வர் இல்லை. நிஜ அழைப்பு வந்து விழுகிற, ஓடுகிற சர்வரிலேயே சோதித்தோம். அது கெட்ட பழக்கம் என்று இந்தத் தொழிலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நானும் சொல்வேன். ஆனால் எங்களுக்கு ஒரு வசதி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் கரையில் யாரும் தொழிலுக்குப் போக மாட்டார்கள். பூசைக்குப் பிந்தி வருகிறவன்கூட அன்றைக்கு வலையை நனைக்க மாட்டான். அதனால் சோதனையை ஞாயிறு காலையில் வைத்தேன். முதல் வாரமே பூசை நடுவில் பதினாறு போனும் ஊதி, சாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. அடுத்த வாரம் ஒரு விதி போட்டோம். ஞாயிறு காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு வரை அழைப்பு கணினியில் மட்டும் வரும், போன் ஊதாது.

அபிலாஷ் அப்போதே கேட்டான். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"எக்கா, சனிக்கிழமை போனவன் ஞாயித்துக்கிழமையும் கடல்ல கெடந்தான்னா?"

"ஞாயித்துக்கிழமை எவம்லே கடல்ல கெடப்பான்? பூசைக்கு வரலைன்னா அவன் பொண்டாட்டியே சும்மா விடமாட்டா."

அவன் சிரித்தான். நான் சோதனைப் பட்டியலில் அந்தக் கேள்விக்கு நேரே 'பொருந்தாது' என்று எழுதி, எல்லாவற்றுக்கும் கீழே 'பாஸ்' போட்டேன். திறப்பு விழாவுக்கு முன்னால் விதியை எடுத்துவிடுவதாக இருந்தேன். விழாவும் ஞாயிற்றுக்கிழமைதான், அன்றைக்குத்தானே எல்லாரும் கரையில் இருப்பார்கள். விழாவில் போன்கள் ஊதித் தொலைக்கப் போகின்றன, திங்கட்கிழமை எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

சங்கத்துச் செயலாளர் ஹென்றி அண்ணன். இந்த வேலையை எங்களுக்கு வாங்கித் தந்ததே அவர்தான். சனிக்கிழமை வடக்கே தொழிலுக்குப் போன இடத்தில் எஞ்சின் மக்கர் பண்ணி வேம்பாரில் கரை ஏறிவிட்டார். வள்ளத்தை அங்கே போட்டுவிட்டுக் காலையில் பஸ்ஸில் விழாவுக்கு வந்துவிடுவார் என்று அவர் மனைவி பிளாரன்ஸ் அக்கா சொன்னாள். வாடைக்காற்று பலமாக இருந்தது. அக்கா முன் வரிசையில், பக்கத்து நாற்காலியில் பையை வைத்து அவருக்கு இடம் பிடித்திருந்தாள்.

அபிலாஷ் மைக்கைப் பிடித்து, "இப்போ டெல்பின் அக்கா பொத்தானை அமுக்குவாங்க, எல்லாரும் திரையைப் பாருங்க" என்றான். மேசைமேல் ஒரு பொத்தான் வைத்திருந்தோம். அதை அமுக்கினால் 'மாதிரி வள்ளம்' என்று பெயர் வரும், துறைமுகத்து இடம் காட்டும். நான் கையைக் கொண்டுபோவதற்குள் திரை சிவந்தது. 'அடைக்கல அன்னை' என்று வந்தது. ஹென்றி அண்ணனின் வள்ளம், விழாவுக்கு முன்பே பொத்தான் மாட்டியது. இடம், வேம்பாருக்கும் எங்கள் கரைக்கும் நடுவே, வைப்பாறுக்கு நேரே கடல். மணி பதினொன்று ஏழு.

மண்டபம் முழுக்கக் கைதட்டினார்கள். செயலாளருக்கு மரியாதை செய்கிறோம் என்று நினைத்திருப்பார்கள். பிளாரன்ஸ் அக்கா பின்னால் திரும்பி, "எங்க வள்ளத்தையில்லா போட்டிருக்காவ, பாத்தியளா" என்று எல்லாரிடமும் சொன்னாள். அவளும் தட்டினாள்.

அது நான் அமுக்கியதில்லை. உண்மையான அழைப்பு என்று எனக்கு அந்த நொடியே தெரிந்தது. விழாவுக்கு நேரமாகிவிட்டதென்று மனிதர் எஞ்சினைச் சரி பண்ணி வள்ளத்திலேயே புறப்பட்டிருக்கிறார் என்பதும் புரிந்தது.

பதினாறு போனும் அந்த மண்டபத்தில்தான், ஆட்களின் சட்டைப் பையில் இருந்தன. ஒன்றும் ஊதவில்லை. இது நிஜம் என்று நான் வாய் திறந்தால், ஏன் ஊதவில்லை என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். முந்நூறு பேர் முன்னால், மைக் முன்னால். அதனால் என் லேப்டாப்பில் 'சோதனை' என்று காரணம் கொடுத்து அழைப்பை மூடினேன். பெயரை நான்தான் மாற்றி வைத்தேன் என்று நினைத்து அபிலாஷ், "சூப்பர்க்கா" என்றான்.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு, சார். ஒரே ஒரு தடவை தெரிந்த கோளாறைக் கோளாறு என்று எடுத்த எடுப்பில் எழுதமாட்டோம். மறுபடி நிகழ்கிறதா என்று பார்ப்போம். நானும் பார்த்தேன். பதினொன்று முப்பத்தொன்றுக்கு மறுபடி வந்தது. அதற்குள் திரையை அணைத்திருந்தார்கள், என் லேப்டாப்பில் மட்டும் வந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால், முதல் அழைப்பை ஏன் மூடினாய் என்பார்கள். இருபத்துநாலு நிமிஷம் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தவள் ஆகிவிடுவேன். அதையும் மூடினேன். மூன்றாவது பன்னிரண்டு பத்துக்கு வந்தது, அதற்கும் அதே காரணம் கொடுத்தேன். சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு வரவில்லை. இரண்டு மணி வரை திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தேன். இரண்டு மணிக்கு விதி தானாக விலகியது. பிறகு ஒரு அழைப்பு வந்திருந்தால் பதினாறு போனும் ஊதியிருக்கும். அந்த வகையில் சிஸ்டத்தில் குறை இல்லை. 'மறுபடி நிகழவில்லை' என்று குறிப்பு எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

சாயங்காலம் பிளாரன்ஸ் அக்கா வேம்பாருக்குப் போன் போட்டுக் கேட்டபோதுதான் அவர் கடல்வழியே கிளம்பிய விஷயம் ஊருக்குத் தெரிந்தது. திங்கள் காலையில் தேடப் போனார்கள். புதன்கிழமை வள்ளம் குப்புறக் கிடந்தது. கூடப் போன செல்லப்பாண்டியின் உடல் வைப்பாறு கரையில் ஒதுங்கியது. ஹென்றி அண்ணன் இன்னும் கிடைக்கவில்லை.

அந்தப் பொத்தான் தானாக அமுங்காது. மூன்று தடவை, தடவைக்கு மூன்று விநாடி, தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த வள்ளத்தைப் பற்றிக்கொண்டு யாரோ விடாமல் அழுத்தியிருக்கிறார்கள். கடைசியாக அழுத்தியது அவரா செல்லப்பாண்டியா என்று தெரியவில்லை. இப்போது காலிங் பெல்லை அமுக்கினாலும் லிஃப்ட் பொத்தானை அமுக்கினாலும் வாய் தானாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறது. விரலை எடுக்க முடிவதில்லை. பயமாக இருக்கிறது, சார்.

விழாவை யாரோ வீடியோ எடுத்திருக்கிறார்கள். பிளாரன்ஸ் அக்கா ஞாயிறுதோறும் பூசை முடிந்து என் வீட்டுக்கு வந்து அதைப் போட்டுப் பார்ப்பாள். திரை சிவக்கும், கைதட்டல் கேட்கும், அவள் திரும்பிச் சிரிப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். போன மாதம் நடுவில் நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஏளா டெல்பின், இது நீ அமுக்கினதுதானளா? அவிய கூப்பிட்டதா இருந்து, நான் கைதட்டியிருந்தா, எனக்கு நெஞ்சு வெடிச்சிரும்ளா."

"நான் அமுக்கினதுதான்க்கா."

என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். "அப்போ கூப்பிடக்கூட நேரமில்லாம சட்டுனு போயிட்டாவ. கஷ்டப்படலை" என்றாள். அடுத்த வாரம் பனங்கிழங்கு அவித்துக்கொண்டு வந்தாள். இந்த வாரம்தான் கண்ணை மூடித் தூங்கினேன் என்றாள். அவளுக்கு அந்த நிம்மதியைக் கொடுத்தது நான்.

அபிலாஷ் சர்வரில் பழைய பதிவுகளைப் புரட்டியிருக்கிறான். முதல் அழைப்பு மேசைப் பொத்தானிலிருந்து வரவில்லை என்று கண்டுபிடித்து ஸ்டேஷனில் உங்களிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். கெட்டிக்காரன்தான், இப்படி ஒன்றுவிடாமல் பார்க்க நான்தான் பழக்கினேன். ஆனாலும் அவனுக்குக் கொஞ்சம் இரக்கம் இருந்திருக்கலாம், சார். அந்த அக்கா இப்போதுதான் தூங்க ஆரம்பித்திருந்தாள்.