கட்டிய கை

கபடி பார்க்கப் போகிறவன் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகக் கூடாது. பாடிப் போகிறவன் மூச்சை அடக்கினால் பார்க்கிறவன் மூச்சும் தானாக நின்றுவிடும். சோறு நிறைந்த வயிறு அதைத் தாங்காது. திருப்பதிக்கு ஆட்டம் பார்க்க வரும் நாளில் ஒரு வாழைப்பழத்தோடு பஸ் ஏறிப் பழகியவன் நான். அதனால் நீங்கள் வாங்கி வைத்த இட்லியை நான் தொடாததை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த ஊருக்கு வந்தால் எனக்குப் பசிப்பதில்லை, அவ்வளவுதான்.

பெயர் ரங்கையா. சித்தூருக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லைக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர். என் அப்பா காலம் வரை எங்களுக்குக் கையகல நிலம் கிடையாது. அடுத்தவர் வயலில் வேலை. அடுத்தவர் மாட்டுக்குக் கால் ஒடிந்தால் கட்டுப் போடுவது. மாட்டுக்குப் போட்ட கட்டு பிறகு மனிதனுக்கும் வந்தது. பனையிலிருந்து விழுந்தவன், வண்டியில் அடிபட்டவன் எல்லாரும் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். வலி இருக்கும்வரை ஐயா என்பார்கள். எலும்பு கூடிவிட்டால் தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். அதை மாற்றியது கபடிதான். நான் பாடிப் போனால் அதே ஆட்கள் எழுந்து நின்றார்கள். என் மகன் அண்ணாதுரை திருப்பதிக் காலேஜுக்கு ஆடி, அங்கேயே கோச் ஆனான். அதற்குப் பிறகு பஸ்ஸில் எனக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். குடும்ப மானம் என்று நான் சொன்னபோது நீங்கள் லேசாகச் சிரித்தீர்கள். அந்த இடம்தான் மானம். இரண்டு ஏக்கர் வாங்கினோம், அப்போதுகூட அது வரவில்லை.

நீங்கள் கபடி பார்க்கிறவரா தெரியாது. காலேஜ் அணி என்பது காலேஜில் உருவாவதில்லை. சங்கராந்தியை ஒட்டி ஊர் ஊராக நடக்கிற போட்டிகளில் உருவாகிறது. எந்தப் பையனை ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எடுப்பது, எவனைச் சித்தூர்க் காலேஜ்காரன் கொத்திக்கொண்டு போவதற்குள் மடக்குவது என்பதுதான் ரசிகர்களான எங்களுக்கு வருடம் முழுக்கப் பேச்சு. வாட்ஸ்அப்பில் எங்களுக்கு ஒரு குரூப் உண்டு. ஒரு பையன் பெயர் அடிபட்டால் முதலில் வரும் கேள்வி, ‘பெரியவர் பார்த்தாச்சா?’ அண்ணாதுரை என்னை அழைத்துக்கொண்டு போவான். நான் தலையசைத்தால் அந்தப் பையனுக்கு ஹாஸ்டல், சாப்பாடு, படிப்பு. அசைக்காவிட்டால் அவன் ஊரோடு இருப்பான்.

அப்படித்தான் சூளூர்பேட்டையில் ஸ்ரீஹரியைப் பார்த்தோம். ஏரிக்கரை மீனவக் குப்பத்துப் பையன். தகப்பன் இல்லை, தாய் சந்திரம்மா கருவாடு விற்கிறவள். அவன் நாலு பேர் நடுவில் நின்று, இடது காலை மட்டும் கொடுத்துவிட்டு, அவர்கள் குனிந்த நேரத்தில் அந்தக் காலாலேயே திரும்பி நடுக்கோட்டைத் தொட்டான். கூட்டம் கத்தியது.

“இவன் காலு தண்ணியில பழகினது. மண்ணுல நிக்காது, வாணாம்” என்றேன்.

“நைனா, இன்னொரு தபா பாரு. இப்டித் திரும்புறவன நான் பாத்ததே இல்ல” என்றான் அண்ணாதுரை.

“நான் பாத்துட்டேன்.”

நான் பார்த்தது என்ன என்று இப்போது சொல்வதில் தவறில்லை. எங்கள் பேரன் கிரண்குமார் அந்த வருடம் காலேஜில் சேரவிருந்தான். அவனும் இடது பக்கம்தான் பாடிப் போவான்.

அண்ணாதுரை என் பேச்சைத் தட்டவில்லை. அந்த வருடமும் அடுத்த வருடமும் சித்தூர்க் காலேஜிடம் தோற்றோம். நிர்வாகம் அவனை எடுத்துவிட்டு, பலமனேரிலிருந்து பாஸ்கர் என்பவனைக் கோச்சாகக் கொண்டு வந்தது. ரசிகர்கள் பட்டாசு வெடித்தார்கள். கோச் மாறினால் வெடிப்பது வழக்கம்தான். என் மகன் வந்த அன்றும் வெடித்தார்கள். அதை நான் பொருட்படுத்தவில்லை. பாஸ்கர் செய்த முதல் வேலை, சூளூர்பேட்டைக்குப் போய் ஸ்ரீஹரியை அழைத்து வந்தது. கிரண்குமார் பெஞ்சில் உட்கார்ந்தான்.

பாஸ்கர் மரியாதை தெரிந்தவன். பழத்தட்டோடு என் வீட்டுக்கு வந்து, மைதானத்தில் என் நாற்காலி அதே இடத்தில் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனான். நானும் ஒரு ஆட்டம் விடாமல் போனேன். ஸ்ரீஹரியின் ஆட்டத்தை நான் ரசித்தேன். மறைக்க ஒன்றுமில்லை. என் ஆயுளில் அப்படி ஒரு காலைப் பார்த்ததில்லை. அவன் ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் பின்னால் இருக்கிறவர்கள் அவனைப் பார்க்க மாட்டார்கள். என்னைப் பார்ப்பார்கள். ஒருநாள் ஒருவன் என் காதில் விழும்படியே சொன்னான்.

“மண்ணுல நிக்காதுன்னாரே, நிஜந்தாம்பா. பறந்துக்கினுதான கீது.”

சிரித்தார்கள். நான் முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அவன் கால் ஒடிந்ததற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. சித்தூர்க் காலேஜோடு நடந்த ஆட்டத்தில் இருவர் கணுக்காலைப் பிடித்தார்கள், ஒருவன் மேலே விழுந்தான். முழங்காலுக்குக் கீழே ஒடிந்த சத்தம் என் நாற்காலி வரை கேட்டது. பாஸ்கர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தான். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனால் உள்ளே கம்பி வைப்பார்கள், கம்பி வைத்த கால் அப்புறம் திரும்பாது என்று எங்கள் ஆட்டக்காரர்களுக்குள் ஒரு பயம் உண்டு. ஸ்ரீஹரி மண்ணில் கிடந்தபடியே என்னைக் காட்டினான். ஆட்டம் பார்க்க வந்திருந்த சந்திரம்மா ஓடி வந்து என் காலைப் பிடித்தாள்.

“உன் கைதான் சாமி எங்களுக்கு ஆஸ்பத்திரி.”

பாஸ்கர் வேண்டாம் என்று நெடுநேரம் மன்றாடினான். கூட்டமே அவன் மேல் பாய்ந்தது. பழைய கோச்சின் தகப்பனாரை அவமதிக்கிறான் என்றார்கள். அவன் விலகி நின்றான். நான் யாரையும் வற்புறுத்தவில்லை, அதைக் கவனியுங்கள்.

காலேஜுக்குப் பின்னால் சந்திரம்மா ஒரு அறை வாடகைக்கு எடுத்திருந்தாள். அங்கே வைத்துக் கட்டினேன். இழுத்து, விரலால் தடவி, ஒடிந்த இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று பொருந்த உட்கார வைத்தேன். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் தடவிய துணி, அதன்மேல் மூங்கில் பத்தை, அதன்மேல் மறுபடி துணி. பையன் பல்லைக் கடித்துக்கொண்டானே தவிர ஒரு சத்தம் போடவில்லை. அந்த நேரத்தில் என் மனசில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. என் அப்பா காலைக் கட்டியிருந்தாலும் அப்படித்தான் கட்டியிருப்பேன்.

இந்தக் கட்டில் ஒரு முறை இருக்கிறது. மாவு காயக் காய இறுகும், கால் உள்ளே வீங்கும். அதனால் மறுநாளே கட்டியவன் வந்து, நகத்தை அழுத்திப் பார்த்து, அவிழ்த்துத் தளர்த்திக் கட்ட வேண்டும். கட்டியவன் கைதான் அவிழ்க்க வேண்டும். வேறு கை பட்டால் எலும்பு விலகும், வீட்டுக்கும் ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். சந்திரம்மாவுக்கும் தெரியும். “நான் வர்ற வரைக்கும் யாரும் தொடக் கூடாது” என்று நானும் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் குரூப்பைத் திறந்து பார்த்தேன். வேண்டாம் என்று சொன்ன காலுக்குப் பெரியவரே கட்டுப் போடும்படி ஆகிவிட்டதே என்று ஒருவன் போட்டிருந்தான். அதன் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். பெரியவர் கட்டினால் கால் முன்னைவிட நன்றாகத் திரும்பும், பேரனுக்குப் பெஞ்ச்தான் கதி என்று இன்னொருவன். அதற்கும் பொம்மைகள். போனை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை குளித்து, வேட்டி மாற்றி, புறப்பட்டுவிட்டேன். பஸ் வந்தது. கூட்டமாக இருந்தது. அடுத்ததில் போகலாம் என்று நினைத்தேன். அடுத்தது வந்தபோது நான் வீட்டில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். கிரண்குமார் போன் செய்தான்.

“தாத்தா, எப்ப வர்ற? அவன் ராத்திரி தூங்கல. அவன் இல்லாம நாங்க ஒண்ணுமே இல்ல தாத்தா. வந்து அவுத்துக் கட்டிட்டுப் போ.”

வருகிறேன் என்றேன். பையன் இளகிய மனசுக்காரன். தனக்கு எது நல்லது என்று தெரியாத வயசு. அவனுக்காக யோசிக்க வீட்டில் ஒருவர் வேண்டும் அல்லவா.

அன்று நான் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. சந்திரம்மா திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள்.

“சாமி, வெரலு கறுத்துக்கினு வருது. மரத்துப் போச்சின்றான். நான் கொஞ்சமா அவுத்துடட்டுமா?”

“மரத்துப் போனா நல்லது. எலும்பு கூடிக்கினு கீதுன்னு அர்த்தம். நீ கைய வச்சின்னா உன் புள்ள நொண்டிதான்.”

அவள் கை வைக்கவில்லை. பாஸ்கர் வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறேன் என்று நின்றபோது கதவை மறித்துக்கொண்டு நின்றாளாம். என் வார்த்தைக்கு இருந்த மதிப்பு அது.

பிறகு ஒருநாள் போனேன். ஆளே வராமல் இருந்துவிட்டார் என்ற பேச்சு வரக் கூடாது. அறைக்குள் நுழையும்போதே ஒரு வாடை. கருவாட்டு மூட்டை இருக்கிற அறை, அதனால் அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. பையனுக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. பெருவிரல் நகத்தை அழுத்தி விட்டேன். அழுத்தினால் வெளுத்து, விட்டால் சிவக்க வேண்டும். அது கத்தரிக்காய் நிறத்தில் அப்படியே இருந்தது.

“தாத்தா, ஜோனல் மேட்ச்சுக்கு எழுந்துடுவேனா?” என்று கேட்டான்.

“எழுந்துடுவ. நல்லா கூடிக்கினு வருது.”

சந்திரம்மா காபி கொடுத்தாள். குடித்துவிட்டு, இன்னும் கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மலை மேல் வெயில் நன்றாக விழுந்திருந்தது. திருச்சானூர்க் கோயிலுக்குப் போய்த் தாயாரைச் சேவித்துவிட்டு ஊர் திரும்பினேன்.

அன்று சாயங்காலம் கிரண்குமார் கத்தரிக்கோலோடு போய், அந்த அம்மாளைத் தள்ளிவிட்டு, கட்டை வெட்டி எறிந்திருக்கிறான். அவனே முதுகில் சுமந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறான். தொடைக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது. இதில் முறை தவறியவன் என்று ஒருவனைச் சொல்ல வேண்டுமானால் அது கிரண்குமார்தான். கட்டியவன் உயிரோடு இருக்கும்போது இன்னொரு கை அவிழ்க்கலாமா? இன்றுவரை அவன் என்னோடு பேசவில்லை. கபடியும் ஆடுவதில்லை என்கிறார்கள். இடது பக்கம் இப்போது காலியாகத்தான் இருக்கிறது. வருவான். ரத்தம் அல்லவா.

நீங்கள் என்னைப் ‘பெத்தாயனா’, பெரியவரே என்று மரியாதையாகத்தான் கூப்பிடுகிறீர்கள். வயசாகிவிட்டது, கண் மங்கல், கை தவறிவிட்டது, வேண்டுமென்று செய்ததல்ல என்று எழுதிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று பார்க்கிறீர்கள். சந்திரம்மாவும் என்மேல் புகார் சொல்லவில்லை. தன் தலையிலேயே அடித்துக்கொள்கிறாளாம். அண்ணாதுரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். உள்ளே வருவதற்கு முன் அவனும் என் கையைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னான்.

“நைனா, கை தவறிடுச்சின்னு ஒரு வார்த்த சொல்லு. போதும். வூட்டுக்குப் போயிடலாம்.”

அவன் அழுதான். கோச் வேலை போன அன்றுகூட அழாதவன்.

அந்த ஒரு வார்த்தையை நான் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டுக் கை தவறியது என்று போலீஸ் காகிதத்தில் ஏறினால், நாளைக்கு எங்கள் வாசலில் எவன் வந்து நிற்பான்? அதனால் நான் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எந்த நாளில் அவிழ்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். மரத்துப் போனால் என்ன அர்த்தம், கறுத்தால் என்ன அர்த்தம் என்று தெரியும். தெரிந்துதான் போகவில்லை. தெரிந்துதான் போய், பார்த்து, தொடாமல் வந்தேன். அந்தக் கால் போக வேண்டும் என்று இருந்தேன், போயிற்று. குடும்பத்துக்காகச் செய்தேன்.

சந்தேகம் இருந்தால் காலை எடுத்த டாக்டரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். சதை அழுகியிருக்கும், அதை நான் மறுக்கவில்லை. எலும்பை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். மயிரிழை விலகாமல் நேராக உட்கார்ந்திருக்கும்.