பாதி எரிஞ்ச தொடப்பம்

தள்ளி எல்லாம் போவாத யக்கா, ஒண்ணும் ஆவாது. நெருப்பு எப்பவோ அணைஞ்சிருச்சி, கருகுன வாசனதான் அடிக்குது. தொடப்பத்த ஜன்னல் பக்கமா வச்சிக்கிறேன், ஆரம்பாக்கம் வந்தா எறங்கிடுவேன். இந்தா, மசால் வட எடுத்துக்கோ. ஸ்டேசன் வாசல்ல வாங்கனது, சூடா கீது. நேத்து ராத்திரிலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படல எனக்கு.

உபவாசமா? அட நீ வேற. நாங்க சர்ச்சுக்குப் போறவங்கதான், ஆனா இது அந்த உபவாசம் இல்ல. என் பொண்ணு மேல கோவம்.

கிறிஸ்டினான்னு பேரு. கெமிக்கல் டிப்ளமோ படிச்சிக்கீறா. தேர்வாய் கண்டிகைல புச்சா ஒரு கம்பெனி வந்துக்கீதே, பசுமை ஹைட்ரஜன்னு போர்டு மாட்டிக்கினு, அங்கதான் வேல. இன்னா பண்றாங்களா? தண்ணியில கரண்ட வுட்டு ரெண்டா பிரிக்கிறாங்க. அந்தக் கரண்டும் வெயில்லேர்ந்து எடுக்குறதுதான். நம்மூரு வெயிலுக்கு இன்னா கொறச்சல்? அப்டி பிரிச்சா ஒரு கேஸு வரும். கொஞ்சம் இங்க இரும்பு கம்பெனிக்கு, உரக் கம்பெனிக்கு. மீதி கப்பல் ஏறி ஜப்பானுக்குப் போவுமாம். நம்ம தலைல அடிக்கிற வெயிலு ஜப்பானுக்குப் போவுது யக்கா. நீ சிரிக்கிற பாரு, நானும் இப்டிதான் சிரிச்சேன்.

நானா? கும்மிடிப்பூண்டில ஒரு இரும்பு கம்பெனில ஹவுஸ்கீப்பிங். பேருதான் இங்கிலீஷு, வேல தொடப்பந்தான். எங்கம்மா அடுத்தவன் வயல்ல நாத்து நட்டுச்சி, நான் அடுத்தவன் குப்பைய பெருக்குறேன். இதோட போதும்னுதான் அவள படிக்க வச்சேன். ஊட்டுல கூட அவள தொடப்பத்த தொட வுட்டதில்ல.

நேத்து சாயங்காலம் எங்க தெரு அந்தோணி வராரு. அந்தக் கம்பெனில லோடு எறக்கப் போனவரு. இன்னா ஞானம்மா, உன் பொண்ணு தலைல ஹெல்மெட்டு, கைல தொடப்பத்தோட சுத்திக்கினு கீதேன்றாரு. எனக்கு எப்டி இருந்திருக்கும் சொல்லு.

இவள கேட்டா கத வுடுறா. ஹைட்ரஜன் பத்திக்கிச்சின்னா அந்த நெருப்பு பகல்ல கண்ணுக்கே தெரியாதாம். பொகையும் வராதாம். கண்டுபிடிக்க மெஷினு கீது, ஆனாலும் பைப்புப் பக்கம் போறவங்க நீட்டுக் கம்புல கட்டுன தொடப்பத்த முன்னாடி நீட்டிக்கினே நடக்கணுமாம். தொடப்பம் பத்திக்கிச்சின்னா அங்க நெருப்பு கீதுன்னு நின்னுடணுமாம். யாருக்குடி காது குத்துற, உன்ன ஏமாத்தி பெருக்க வுடுறானுங்கடின்னு தெருவே கேக்குற மாதிரி கத்திட்டேன். நீ தொடப்பத்த தொட்டா நான் சோத்த தொட மாட்டேன்னுட்டேன். காலைல நாஷ்டாவும் வாணாம்னுட்டு, இனிமே தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணுடின்னு பைபிள நீட்டுறேன். சிரிச்சிக்கினே போய் கம்பெனி பஸ்ல ஏறிட்டா. ஒரே பேஜாரா போச்சி எனக்கு.

அப்பறம் இன்னாவா? மத்தியானம் போன் பண்றா. அம்மா, நீ போய் மொதல்ல சாப்புடுன்றா. கொரலு ஒரு மாதிரி கீது. நான் போட்டது போட்டபடி ஷேர் ஆட்டோ புடிச்சி ஓடுனேன். பாத்தா கம்பெனி கேட்டாண்ட நின்னுக்கினு இளிக்கிறா. கையி, மூஞ்சி, முடி, எல்லாம் தொட்டுத் தொட்டுப் பாக்குறேன், வாச்மேன் வேற சிரிக்கிறான். பைப்பாண்ட நடக்க சொல்ல முன்னாடி நீட்டுன தொடப்பம் பத்திக்கிச்சாம், இவ அங்கயே நின்னுட்டாளாம். கேஸ ஒடனே அடச்சிட்டாங்களாம், யாருக்கும் ஒரு கீறல் கூட இல்ல. ஷிப்டு முடிச்சிட்டுத்தான் வருவாளாம்.

இந்தத் தொடப்பத்த நான்தான் அவ ஆபீசராண்ட கெஞ்சி வாங்கிக்கினு வந்தேன். ஊட்டுல ஏசு படத்துக்குப் பக்கத்துல மாட்டப் போறேன். பாரு, தொடப்பத்துப் பூவு பாதி எரிஞ்சி போயிருச்சி. இதோ இந்த நுனிக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியலயாம், வெறும் வெயிலுதானாம். கம்புக்கு இந்தப் பக்கம் என் பொண்ணு நின்னுக்கினு இருந்தா.

பொறந்ததுலேர்ந்து என் பேச்ச தட்டாத பொண்ணு யக்கா. இன்னிக்குத்தான் தட்டுனா. இந்தா, இன்னொரு வட எடுத்துக்கோ.