வேற்றுக்கிரகத்து அம்மா

– சாமி வர்ற இடத்துல வேற கிரகத்து ஆளைக் கொண்டாந்து வைக்கிறியே, இது உனக்கே நல்லாருக்கா பிரான்சி பாப்பா?

– அதுதான் பொன்னுத்தாயக்கா கதையே. மலைக்கோட்டைச் சாமி கதை எல்லாருக்கும் தெரியும். பறக்கும் தட்டுக் கதையும் தெரியும். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கலக்கினா எப்படி இருக்கும்னு பார்க்கறேன்.

– எனக்குத் தெரிஞ்சது இதுதான். இக்கரையில பிள்ளைத்தாச்சிப் பொண்ணு, அக்கரையில அம்மா. காவேரியில வெள்ளம். அம்மாவால வர முடியலை. சாமியே அம்மா மாதிரி வந்து பேறுகாலம் பார்த்தாரு.

– என் கதையிலயும் அதேதான். வெள்ளம் உண்டு. பொண்ணு தனியா இருக்கா. அந்த நேரம் பார்த்து மலைக்கோட்டை உச்சியில தட்டு வந்து இறங்குது.

– போலீஸ்காரங்க சும்மா விட்டுருவாங்களாக்கும்.

– யாருக்கும் தெரியாம இறங்குதுக்கா. உள்ள இருக்கிற ஆளு அந்தப் பொண்ணு மனசைப் படிச்சு, அவ அம்மா உருவத்தை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வருது.

– நான் ஒண்ணு கேக்குறேன். எதுக்கு வரணும்? அதுக்கு அங்க வேலை வெட்டி இல்லையா?

– அந்த ஊர்ல யாருக்கும் அம்மா கிடையாது. எல்லாம் மிஷின்ல பிறந்ததுங்க. அம்மான்னா என்னன்னு பார்த்துட்டுப் போகலாம்னு வருது.

– ம். பாவம். சரி, நான் கொண்டாந்த டிபன் பாக்ஸைத் திற, கொழுக்கட்டை ஆறுது. உன் மாமியார் எங்க?

– ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போயிருக்காங்க. சாப்பிடுறேன், கொஞ்சம் இருங்க.

– எதுக்கு நாற்காலியைப் புடிச்சுக்கிட்டு நிக்கிற? வலிக்குதா?

– கால் மரத்துப் போச்சு. நீங்க கதைக்கு வாங்க. என் யூடியூப் கதைச் சேனல்ல போன வாரம் பாதியில நிறுத்தினதுக்கே கேக்குறவங்க திட்டுறாங்க. வந்திருக்கிறது அம்மா இல்லைன்னு அந்தப் பொண்ணு கண்டுபிடிக்கணும். எப்படி?

– குழம்புல உப்பு கூடிப்போச்சுன்னு வை.

– மனசையே படிக்கிற ஆளுக்கு உப்பு அளவு தெரியாதா?

– அப்ப இப்படி வை. உப்பிலியபுரத்துல எங்கம்மா திட்டாம ஒரு வேலை பார்க்க மாட்டா. தலை வாரினாலும் திட்டு, சோறு போட்டாலும் திட்டு. உன் ஆளு பதவிசா நடந்துக்கும் பாரு, அங்க மாட்டும்.

– இது நல்லாருக்கு. ஆனா எங்கம்மா திட்ட மாட்டாங்க. கல்யாணத்துல இருந்து பேசவே மாட்டேங்கிறாங்க.

– அதை ஏன் இப்ப எடுக்கிற.

– வளைகாப்புக்கும் வரலை. தலைப்பிரசவம், கூட்டிட்டுப் போங்கன்னு அத்தையே காட்டூர்ல எங்க வீடு வரைக்கும் போய்ச் சொன்னாங்க. சர்ச்சுல தாலி கட்டிக்காதவ என் மக இல்லைன்னு அப்பா ஜன்னல்ல நின்னே சொல்லிட்டாராம். கதவைத் திறக்கலை.

– ஆம்பளைங்க கோவம் அப்படித்தான். பிள்ளை முகத்தைப் பார்த்தா இறங்கிடும்.

– அதுவரைக்கும் எனக்கு அம்மா வேணாமாக்கா?

– வேணாம்னு யார் சொன்னா. சாப்பிடு மொதல்ல.

– எங்கம்மாவை எப்படிக் கண்டுபிடிக்கலாம் தெரியுமா? பிடிகொழுக்கட்டை பண்ணும்போது முதல் கொழுக்கட்டையில நகத்தால சின்னதா ஒரு சிலுவை போட்டுத்தான் இட்லிப் பானையில வைப்பாங்க. கை தானாப் போகுதுடிம்பாங்க. அது எனக்குத்தான். என் தம்பி அதுக்காக உருண்டு அழுவான்.

– அப்ப உன் கிரகத்து ஆளு அந்தச் சிலுவையைப் போட மறந்துருது. முடிஞ்சுது கதை.

– நானும் அப்படித்தான் நினைச்சேன். இப்ப மாத்திட்டேன். சிலுவை இருக்கு. காட்டிக் கொடுத்துரும்னு பயந்து யாரோ அதை அழிச்சிடுறாங்க.

– அது எதுக்கு வம்பா?

– இந்த டப்பாவைப் பாருங்க. எல்லாக் கொழுக்கட்டையிலயும் பிடிச்ச விரல் தடம் இருக்கு. இது ஒண்ணு மட்டும் வழவழன்னு இருக்கு. நேத்தும் ஒண்ணு இப்படி. நீங்க வர ஆரம்பிச்சதுல இருந்து தினமும் ஒண்ணு இப்படி.

– என் கை பட்டிருக்கும்.

– ஈரக் கையா?

– கீழ வாசல்ல குழாய் இருக்கே, அதுல நனைச்சுக்குவேன். என்ன பண்ணச் சொல்ற. மறைச்சுடு பொன்னுத்தாயி, அவ கெட்டிக்காரி, பார்த்த உடனே தெரிஞ்சுக்குவான்னு உங்கம்மாதான் சொன்னாங்க. அப்ப போடாம இருங்களேன் லூர்துராணியம்மான்னேன். கை கேக்க மாட்டேங்குதாம்.

– என்னைப் பார்த்துக்க உங்களை ஏற்பாடு பண்ணது அத்தைன்னு சொன்னீங்க.

– அதுவும் பொய்யில்லை. உங்கத்தையும் உங்கம்மாவும் போன்ல பேசி வச்சதுதான். ஆம்பளைங்க யாருக்கும் தெரியாது.

– மேல வர வேண்டியதுதானே?

– அந்த வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன்னு உங்கப்பா பைபிள் மேல சத்தியம் வாங்கிட்டாரு. மீறினா உனக்கும் பிள்ளைக்கும் ஆகாதுன்னு பயப்படுறாங்க. அதனால நான் மேல வந்து போற வரைக்கும்...

– ஆட்டோலயே உக்காந்திருக்காங்க.

– யாரு சொன்னா?

– பால்கனியில இருந்து பார்த்தா மடியில இருக்கிற கை மட்டும் தெரியும். ஜெபமாலை உருட்டுற கை.

– அடிப்பாவி. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டா இத்தனை நாளா என்கிட்ட கதை அளந்த?

– நீங்க கீழ போய் அம்மாகிட்ட சொல்லுவீங்கன்னுதான்.

– சொல்லாம இருப்பேனா. இங்க திருவானைக்காவல்ல ஆட்டோ ஏறினா காட்டூர் போற வரைக்கும் உன் கதைதான். நேத்து உன் கதையில வேற கிரகத்து ஆளு வரப் போகுதுன்னு சொன்னப்ப, வானத்துல குளிருமே, அந்தப் பிள்ளை ஸ்வெட்டர் போட்டிருந்துச்சான்னு கேட்டாங்க.

– எங்கம்மாவேதான்.

– சரி, கடைசியில என்ன ஆகுது? கேப்பாங்க, சொல்லணும்ல.

– வெள்ளம் வடியலை. அம்மாவால இக்கரைக்கு வர முடியலை. அதனால பொண்ணு அக்கரைக்குப் போறா.

– நான் ஒண்ணு கேக்குறேன். பிள்ளைத்தாச்சி எப்படி ஆத்தைத் தாண்டுவா?

– கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டு, மெதுவாப் படி இறங்கி. அப்பா இந்த வீட்டுப் படிக்குத்தானே சத்தியம் வாங்கினாரு. ஆஸ்பத்திரிப் படிக்கு வாங்கலையே. அந்தக் கட்டில் மேல இருக்கிற பையை எடுங்கக்கா.

– என்னடி சொல்ற. கால் மரத்துப் போச்சுன்னியே.

– காலையில இருந்தே விட்டு விட்டு வலிக்குது. அவருக்குப் போன் பண்ணிட்டேன். ஆட்டோ அனுப்பவான்னு கேட்டாரு. வேணாம், கீழ ஒண்ணு வந்து நிக்கும், அதுல எங்கம்மா இருப்பாங்கன்னு சொல்லிட்டேன்.