வீட்டுக்கார அம்மாவுக்குப் பயந்த ப்ராசசர்

"அந்த ப்ராசசர் வேணாம் மச்சான். வூட்டுக்கார அம்மா கண்டுபுடிச்சிடும்."

மறைமலைநகரில் ஷிஃப்ட் முடிந்து கிளம்பிய கம்பெனி பஸ்ஸில், என் முன் சீட்டில் ஜன்னலோரம் இருந்தவன் சொன்னான். கம்ப்யூட்டருக்கும் வீட்டுக்கார அம்மாவுக்கும் என்ன சம்பந்தம் என்று காதைத் தீட்டிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த நண்பன் போனை நீட்டினான்.

"ரெண்டும் ஒரே வெலதான். இது அறுபத்தஞ்சு வாட்ஸு, கேம் சும்மா பறக்கும். அது முப்பத்தஞ்சு வாட்ஸு, திக்கித் திணறும். கேம் ஆடத்தானடா வாங்கற?"

"என் போர்ஷனுக்கு தனியா சப் மீட்டர் கீது. அந்தம்மா தெனம் அதாண்ட நின்னு செவப்பு லைட்ட பாத்துகினு கீது. கரண்டு ஜாஸ்தியா ஓடி அது வேகமா மின்னுனா கதவ தட்டுது. உன்னாலதான் பில்லு ஏறுதுன்னு கத்துது."

"ஒரு ஃபேனு, ஒரு லைட்டு. அதுக்கா?"

"அதான் மச்சான். போன வாரம் என் போர்ஷன் மெயின ஆஃப் பண்ணிட்டு ஊருக்குப் போனேன். ரெண்டு நாள் கழிச்சு வந்து பாத்தா, மீட்டர் லைட்டு மின்னிகினே கீது. மீட்டர்லேந்து போற ஒயர புடிச்சுகினே போனா, அவங்க வூட்டு ஃப்ரிட்ஜாண்ட போய் நிக்குது."

"இன்னான்னு கேக்கல?"

"கேட்டேன். புடிக்கலன்னா காலி பண்ணுன்னுச்சு. இந்த வாடகைக்கு வேற எங்க வூடு கெடைக்கும்?"

நண்பன் போனைப் பார்த்தபடியே கேட்டான்.

"அப்ப எத ஆர்டர் போடட்டும்?"

"முப்பத்தஞ்சையே போடு. மீதி முப்பதுல அவங்க ஃப்ரிட்ஜுல மீனு கெடாம இருக்கட்டும்."