சிமெண்ட் பெஞ்சில் ஒரு விசாரிப்பு

— நமக்கென்னுங்க, நீங்க கேட்டதால சொல்றேன். ரஞ்சிதா நல்ல புள்ளதான். ஆனா அந்த ஊட்டுல பொண்ணெடுக்கறதுன்னா நாலு பேரை விசாரிச்சுட்டு எடுங்க.

— அதுக்குத்தானுங்க உங்ககிட்டக் கேக்கறேன். ராசிபுரத்துல இருந்து வந்தவ, இந்த ரயில் ஹால்ட்டுல வேற ஆரைக் கேக்கறது? டிக்கெட் குடுக்கற ஆளைக்கூடக் காணோம்.

— வண்டி வர்றப்பத்தான் அவன் வருவான். ஏனுங்க, மாப்பிள்ளை என்ன பண்றாருங்க?

— எந் தங்கச்சி பையனுங்க. இளவழகன்னு பேரு. போர்வெல் ரிக் ஆபீஸ்ல வேலை. ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. வயசுதான் முப்பத்திரண்டு ஆகிப்போச்சு.

— முப்பத்திரண்டுங்களா. ரஞ்சிதாவுக்கு இருவத்திமூணுதானுங்க ஆகுது.

— அது போகட்டுமுங்க. அவங்கம்மா சாலம்மாள் எப்படி? அந்தம்மா ஒண்ணு சொன்னா நம்பலாமுங்களா?

— நமக்கென்னுங்க. பக்கத்தூட்டுக்காரிதான். பேச்செல்லாம் சக்கரையா இருக்கும். உள்ள என்ன வெச்சிருக்கறான்னு ஆரு கண்டா?

— அப்படிங்களா. பொண்ணு?

— எப்பப் பாத்தாலும் போனும் கையுந்தான். போன மழையப்ப ராத்திரி நேரத்துல ஒரு பையன் பைக்குல கொண்டாந்து எறக்கி உட்டுட்டுப் போனான். எங்கண்ணால பாத்தேன்.

— ஆருங்க பையன்?

— அதெல்லாம் நமக்கென்னுங்க.

— நல்லவேளை, கேட்டேனுங்க. இல்லீன்னா அந்தம்மா பேச்சைக் கேட்டு ஏமாந்திருப்பேன்.

— தண்ணி குடிக்கறீங்களா? பாட்டல்ல இருக்குது.

— வேண்டாமுங்க. நீங்க எங்க போறதுக்கு உக்காந்திருக்கறீங்க?

— எங்கயும் போகலீங்க. எம் பொண்ணு சேலத்துல துணிக்கடையில பில் போடுது. இப்ப வர்ற வண்டியில வந்து எறங்கும். மழை பேஞ்சா தண்டவாளத்துக்கு அடியில போற பாதையில இடுப்பளவு தண்ணி நின்னுக்குது. சுத்திப் போனா ஆளில்லாத காடு. ஒத்தைப் பொட்டப்புள்ள எப்படி வரும்? அதுதான் தெனமும் வந்து கூட்டிட்டுப் போறேன்.

— கல்யாணம் ஆகலீங்களா?

— இல்லீங்க. முப்பது ஆச்சு. பொண்ணு பாக்க வாரவங்க எல்லாம் எங்க ஊட்டைத் தாண்டிச் சாலம்மா ஊட்டுக்குத்தான் போறாங்க. வாசல் கேட்டு தொறக்கற சத்தம் வந்தா நான் ஓடிப்போயிக் காப்பிக்குப் பாலை அடுப்புல வெப்பேன். எட்டிப் பாத்தா அது அவ ஊட்டுக் கேட்டு. வெச்ச பாலை நானே குடிச்சுட்டுப் படுத்துக்குவேன்.

— மனசு கஷ்டமாத்தான் இருக்குமுங்க.

— இருக்குமுங்க.

— ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. பைக்குல வந்த பையன் ஆருன்னு நெசமாவே உங்களுக்குத் தெரியாதுங்களா?

— தெரியுமுங்க.

— ஆரு?

— அவ சித்தப்பன் மகன். கொட்டற மழையில தங்கச்சியைக் கொண்டாந்து உட்டுட்டுப் போனான்.

— தெரிஞ்சுமா அப்படிச் சொன்னீங்க?

— வெக்கமா இருக்குதுங்க. உங்க மூஞ்சியப் பாக்க முடியலை. எனக்குக் காச்சல் கண்டு படுத்துக் கெடந்தப்ப, இதே பெஞ்சுல சாலம்மாதான் உக்காந்திருந்து எம் பொண்ணைக் கூட்டியாந்தா. அவளைப் போயி இப்படிச் சொல்லிட்டேன். நான் சொன்னதை மறந்துருங்க. அம்மாளும் மகளும் தங்கமுங்க.

— முன்னால ஒண்ணு சொல்றீங்க, பின்னால ஒண்ணு சொல்றீங்க. எதைங்க நான் நம்பறது?

— பின்னால சொன்னதை நம்புங்க. பெத்த வயிறு எரிஞ்சுபோயிப் பேசிட்டேன்.

— உங்க பேரு என்னுங்க?

— வசந்தாமணிங்க.

— ஓ.

— ஏனுங்க, கேட்ட பேருங்களா?

— வண்டி லைட்டு தெரியுது பாருங்க. ஒரு நிமிசந்தான் நிக்குமாம். நான் வாரேனுங்க.

— அம்மா, உங்க காலுல வேணாலும் உழுகறேன். என்னால அந்தப் புள்ள பொழப்புக் கெட்டுப்போகக் கூடாதுங்க.

— அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுங்க. உங்க பொண்ணை நெனச்சாத்தான் எனக்குப் பாவமா இருக்குது. வாரேன்.

— அம்மா. நான் எறங்கி வந்தது கூடத் தெரியாம ஏம்மா இங்கியே நின்னுட்டிருக்க? வண்டி போயே போயிருச்சு.

— வா பூங்கொடி. தலையில என்ன புள்ள, இத்தனை பூவு?

— சொல்றேன். மொதல்ல நீ சொல்லு. பேசினாங்களா?

— ஆரு?

— ராசிபுரத்துல இருந்து வந்தாங்களே, மாரக்கான்னு. மத்தியானத்துக்கு மேல சாலம்மா அத்தை ஊட்டுக்கு வந்து ரஞ்சிதாவைக் கேட்டாங்களாம். அத்தைதான், 'இவ சின்னப்புள்ள, பூங்கொடியைப் பாருங்க, அவங்கம்மா வசந்தாமணி மாதிரி மனுஷி எங்க ஊர்லயே கெடையாது'ன்னு சொன்னாங்களாம். நம்ம ஊடு பூட்டியிருந்துச்சாம், உனக்குப் போனும் போகலையாம். அதுதான் ஹால்ட்டுல பாருங்கன்னு அனுப்பியிருக்கறாங்க. எனக்கும் போன் பண்ணிப் பூ வெச்சுட்டு வரச் சொன்னாங்க.

— சாலம்மாவா சொன்னா?

— ஆமா. வண்டியில ஏறறப்ப ஒரு அம்மா என் கன்னத்தைத் தடவிட்டு உள்ள போயிட்டாங்க. அவங்கதானா? என்னம்மா கேட்டாங்க உங்கிட்ட?

— வழி கேட்டாங்க சாமி.

— ஆரூட்டுக்கு?

— நம்மூட்டுக்கு.